என் சாவுக்கு வந்த அண்ணன்

என் சாவுக்கு என் அண்ணன் வந்திருந்தார். வேன் பிடித்து, மாலையும் கோடிப் புடவையும் வாங்கிக்கொண்டு, கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் அழுதுகொண்டே வந்தார். நான் அப்போது வீட்டுக்குள் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சிரிப்பு வருகிற மாதிரிதான் சொல்வேன். பாதியோடு நிறுத்திக்கொள்வதால் அது சிரிப்புக் கதையாகவே ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மீதியை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

முதலில் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா சீக்கிரமே போய்விட்டார். பாத்திரக்கடையை அண்ணன்தான் எடுத்து நடத்தினார், என்னைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். என் கல்யாணத்துக்கு அவர் கொடுத்த அண்டாவையும் குத்துவிளக்கையும் பார்த்துவிட்டு மாமியார் வீட்டில் வாயடைத்துப் போனார்கள். என் மகள் காலேஜுக்குப் போக ஆரம்பித்த பிறகும் அண்ணனுக்கு நான் பாப்பாதான். கடையில் பத்துப் பேர் நிற்கும்போது "வா பாப்பா" என்று கூப்பிட்டு மானத்தை வாங்குவார்.

அண்ணனுக்குக் கட்சி உண்டு. என் வீட்டுக்காரருக்கும் உண்டு. இரண்டும் எதிரெதிர்க் கட்சி. தீபாவளிக்கு நாங்கள் போனால் இலையில் இட்லி விழுவதற்கு முன்பே இருவரும் ஆரம்பித்துவிடுவார்கள். "ஒங்க ஆளு என்னத்த கிழிச்சாரு மாப்ள?" என்பார் அண்ணன். "ஒங்க ஆளு கிழிச்சத தெக்கிறதுக்கே நேரம் பத்தல மச்சான்" என்பார் இவர். அண்ணி கறிக்குழம்புச் சட்டியோடு நடுவில் வந்து நின்றால் சண்டை தீர்ந்தது. சாப்பிட்டுவிட்டு இருவரும் ஒரே பாயில் படுத்துத் தூங்குவார்கள். எத்தனை தேர்தல் இப்படிப் போனது. ஒரு நாளும் ஒருவர் மனசு ஒருவர் நோகப் பேசியதில்லை.

கெடுத்தது போன்தான். சொந்தக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வாட்ஸப் குரூப் வைத்திருந்தோம். பிறந்தநாள், காதுகுத்து, யாருக்குச் சுகர் ஜாஸ்தி, இப்படித்தான் அதில் ஓடும். சட்டமன்றத் தேர்தல் வந்தபோது அண்ணனுக்கு அவருடைய கட்சிக்காரர்கள் அனுப்பியதெல்லாம் அதில் வந்து விழ ஆரம்பித்தது. யாரோ, எங்கேயோ உட்கார்ந்து எழுதியவை. கொத்தடிமை, அல்லக்கை, தற்குறி. அண்ணன் வாயில் இந்த வார்த்தைகளை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. கடைப் பையன் பித்தளைக் குடத்தைக் கீழே போட்டு நசுக்கினாலும் "கண்ண எங்கடா வெச்சிருந்த" என்பதற்கு மேல் போக மாட்டார். ஆனால் விரலால் தட்டி அனுப்புவதற்கு வாய் வேண்டியதில்லையே.

ஒரு நாள், எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் எல்லாம் சோற்றுக்கு வாலாட்டும் நாய்கள் என்று ஒன்று வந்தது. இவர் அதற்குக் கீழே, "மச்சான், இது என்னையும் சேத்துத்தானா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். "சேச்சே, இல்ல மாப்ள" என்று ஒரு வரி வந்திருந்தால் அதோடு போயிருக்கும். அண்ணன் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி இரண்டைப் போட்டார்.

நேரில் சிரித்திருந்தால் இவரும் சிரித்திருப்பார். அந்த மஞ்சள் மூஞ்சியில் அண்ணன் சிரிப்பு இல்லை. யாருடைய சிரிப்பும் இல்லை. இவர் அன்றைக்கே குரூப்பிலிருந்து விலகினார். புருஷனை நாய் என்று சொன்ன இடத்தில் எனக்கென்ன வேலை என்று நானும் வெளியே வந்துவிட்டேன். "பொதுவா போட்டத இவுரு ஏன் எடுத்து மாட்டிக்கிறாரு" என்று அண்ணன் சொன்னதாக அண்ணி சொன்னாள். அந்தத் தீபாவளிக்கு நாங்கள் போகவில்லை. பொங்கலுக்கு அண்ணன் வரிசை வரவில்லை. அவர் கூப்பிடட்டும் என்று நானும், அவள் கூப்பிடட்டும் என்று அவரும் இருந்தோம். வருஷம் ஓடிவிட்டது.

அப்புறம் நகராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு என்று ஆனது. மழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அதைப் பற்றி நான் நகராட்சி ஆபீஸில் போய்க் கத்தாத வருஷம் கிடையாது. "நீதான் நல்லா கத்துறியே, நில்லு" என்றார்கள். இவருடைய கட்சியில் சீட்டும் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போனேன். வார்டில் பாதிப் பெண்களுக்கு நான் ஜாக்கெட் தைத்திருக்கிறேன். "ஒன் ஒடம்பு அளவே எனக்குத் தெரியும், ஒன் தெரு அளவு தெரியாதாடி" என்று கேட்டால் சிரித்துவிட்டு நோட்டீஸை வாங்கிக்கொள்வார்கள்.

எதிர்த் தரப்பில் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். யார் நடத்தியது என்று இன்றைக்கு வரைக்கும் தெரியாது. கட்சி இல்லை, எங்கள் ஆள் இல்லை என்று எல்லோரும் கையை விரித்தார்கள். தையல்காரி என்றால் அளவெடுப்பாள் இல்லையா, அதை வைத்து என்னென்ன எழுத முடியுமோ அத்தனையும் எழுதினார்கள். அதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. கூச்சம் இல்லை எனக்கு. குழாயடியில் இதைவிட மோசமாகப் பேசியும் இருக்கிறேன், வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் குழாயடியில் திட்டியவள் மறுநாள் கறிவேப்பிலை கேட்டு வந்து நிற்பாள். கொடுக்கத்தான் வேண்டும். இந்த எழுத்துக்கு ஆள் கிடையாது, மறுநாள் கிடையாது. திட்டு மட்டும் அப்படியே கிடக்கும். என் மகள் காலேஜ் பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு வந்து, என்னிடம் ஒன்றும் சொல்லாமல் படுத்துக்கொள்வாள். அவள் முதுகைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரியும்.

அப்போதுதான் அந்தக் கண்ணீர் அஞ்சலி வந்தது. என் நோட்டீஸில் இருந்த படம்தான், பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக. அதற்கு மாலை போட்டு, இரண்டு பக்கமும் விளக்கு ஏற்றி, மேலே கண்ணீர் அஞ்சலி என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். தோற்றம், வேட்புமனு கொடுத்த நாள். மறைவு, ஓட்டு எண்ணும் நாள். இவண், வார்டு பொதுமக்கள். கீழே பொடி எழுத்தில் டெபாசிட் காலி என்று ஒரு வரி. எங்கள் பக்கத்தில் யார் செத்தாலும் சுவரில் ஒட்டுகிற போஸ்டரை அச்சு அசலாக அப்படியே செய்திருந்தார்கள். பார்த்துவிட்டு நான் சிரித்தேன். "பரவால்லயே, படம் நல்லாத்தான் இருக்கு" என்றேன். இவர் சிரிக்கவில்லை. போனைக் கையில் வைத்தபடி வெகு நேரம் வாசலிலேயே நின்றார்.

அது எப்படியோ கை மாறி மாறிப் பெண்ணாடத்தில் இருக்கிற எங்கள் சித்தப்பா போனுக்குப் போயிருக்கிறது. வழியில் யாரோ கீழ்ப்பாதியை வெட்டிவிட்டார்கள். படம், மாலை, விளக்கு, கண்ணீர் அஞ்சலி, அவ்வளவுதான் மிச்சம். சித்தப்பா அதைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டுவிட்டார். உடனே கும்பிடுகிற கைகளும் அழுகிற மூஞ்சிகளுமாகக் குவிந்துவிட்டன. ஐயோ பாவம், நல்ல பொண்ணு, சின்ன வயசு. நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்வதற்கு அந்தக் குரூப்பில் என் வீட்டு ஆள் ஒருவர்கூட இல்லை.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது முறை இல்லை. சாவு சேதி வந்தால் சாவு வீட்டுக்குப் போன் போட்டு நிஜமா என்று கேட்க மாட்டோம். அழுதுகொண்டிருப்பவர்களைக் கூப்பிட்டு அப்படிக் கேட்க நாக்கு எழாது. கிளம்பிவிட வேண்டியதுதான். அதுவும் கூடப்பிறந்தவன் என்றால் பேச்சே இல்லை. பிறந்த வீட்டுக் கோடி வந்து மேலே போர்த்தாமல் பெண்ணைத் தூக்க மாட்டார்கள். அத்தனை நாள் பேசாமல் இருந்த வீடு. தனக்குச் சேதி சொல்லாமலேயே தூக்கிவிடுவார்களோ என்றுதான் அண்ணனுக்குப் பயம். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறார். கோடிப் புடவை எடுக்கும்போது, "எந்த வெலையில பாக்கறீங்க?" என்று கேட்ட ஜவுளிக்கடைக்காரரிடம், "கல்யாணத்துக்கு எடுக்கற மாதிரி எடுப்பா" என்றாராம். அண்ணி பிற்பாடு சொன்னாள்.

தெருமுனையில் வேன் நின்றது. இறங்கும்போதே அழத் தொடங்கிவிட வேண்டும், அதுவும் முறைதான். அண்ணியும் பெரியம்மா மகள்களும் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, மாரில் அடித்துக்கொண்டு இறங்கினார்கள். எந்த வீட்டில் சாவு என்று தெரியாமல் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நானும் ஊசியும் நூலுமாக ஓடி வந்து, "ஐயோ, யாருக்கு என்னா ஆச்சு, சொல்லித் தொலைங்களேன்" என்று கத்தினேன்.

அழுகை நின்றது. முன்னால் அண்ணன் நின்றார். கையில் ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய ஆள் உயர மாலை. என்னைப் பார்த்தார். வாய் கோணியது. மாலையைப் பிடித்தபடியே நடுத் தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா... நீ இருக்கியா?"

"இல்லாம? பேயா வந்து ஜாக்கெட்டு தெச்சிக்கினு இருக்கேன்?" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். என் தலை, தோள், கை என்று தடவித் தடவிப் பார்த்தார். அடிக்கவும் செய்தார், முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "எந்தப் பாவிடி அப்படிப் போட்டான், எந்தக் கொள்ளையில போறவன்டி போட்டான்" என்று குழந்தை மாதிரி அழுதார். நான் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். எதிர் வீட்டுக்காரி எதற்கென்று தெரியாமலே அழுதாள்.

அதற்கப்புறம் ஒரே கூத்து. சாவுக்கு என்று கிளம்பியாயிற்று, தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் நுழையலாமா கூடாதா என்று பெரியம்மா மகள்களுக்குள் சண்டை. செத்தவளே தண்ணீர் பிடித்து ஊற்றுகிறாள், இதற்கு எந்தச் சாஸ்திரம் என்று இவர் கேட்டதும் தெரு சிரித்தது. கடைசியில் எல்லோரும் குழாயடியில் நின்று குளித்தார்கள். நான் உலை வைத்தேன். இவர் தன் வேட்டியை எடுத்து அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் வாங்கிக் கட்டிக்கொண்டு, "மாப்ள, அன்னைக்கு அந்த மூஞ்சியப் போட்டிருக்கக் கூடாது" என்றார். "விடு மச்சான், கொழம்பு ஊத்திக்க" என்றார் இவர். இத்தனை நாள் இழுத்துக்கொண்டு கிடந்தது ஒரு கரண்டிக் குழம்பில் முடிந்தது. எனக்கு அந்தப் போஸ்டர் போட்டவனைக் கும்பிடலாம் போலிருந்தது. அன்று சாயங்காலம் வேன் கிளம்பும்போது அண்ணன் ஜன்னலிலிருந்து கையை நீட்டி, "தேர்தல் முடியட்டும் பாப்பா, எல்லாரும் பிச்சாவரம் போவலாம், போட்டுல" என்றார். சந்தோஷமாக இருந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு.

தெருவில் யாரோ வீடியோ எடுத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் எடுத்திருக்க மாட்டார்கள், எல்லாவற்றையும் எடுப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. மறுநாள் காலை அது வெளியே வந்தது. எங்கள் கட்சிப் பையன்களின் பக்கத்தில்தான் முதலில் வந்தது, அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. முழுசாக இல்லை. அண்ணன் மாலையோடு என் எதிரே நின்று அழுகிற கொஞ்ச நேரம் மட்டும். பின்னால் ஒரு வெற்றிப் பாட்டு. மேலே, மாற்றுக் கட்சி நிர்வாகி கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்டு எங்கள் வேட்பாளருக்கு மாலை அணிவித்தார் என்று எழுதியிருந்தார்கள்.

போய்ச் சண்டை போட்டேன். "எடுங்கடா அத, அது சாவு மாலைடா" என்று கத்தினேன். "அக்கா, நல்லாப் போயிக்கினு இருக்குக்கா, ஓட்டு வரும்க்கா" என்றார்கள். நான் கத்திய கத்தலில் எடுத்துவிட்டார்கள். எடுத்து என்ன புண்ணியம்? அதற்குள் ஊர் ஊராகப் போய்விட்டிருந்தது.

அண்ணனுடைய கட்சிக்காரர்கள் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கூட இருந்து கொடி கட்டியவர்கள், கடையில் வந்து டீ குடித்தவர்கள். அவர் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்த அதே வார்த்தைகள் இப்போது அவர் பெயருக்குக் கீழே வந்தன. அல்லக்கை. சோற்றுக்கு வாலாட்டியவன். தங்கச்சியைப் பற்றி, அண்ணியைப் பற்றி, அவர் பெற்ற பெண்களைப் பற்றி. அவருக்கு மாலைக்காரன் என்று பெயர் வைத்தார்கள். சந்தையில் காய் வாங்கப் போனால் பின்னாலிருந்து ஒரு குரல், "மாலை எவ்ளோ?" என்று கேட்குமாம். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்களாம். நான் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். ஒரு தடவை எடுத்து, "வேலையா இருக்கேன்" என்று வைத்துவிட்டார்.

அப்புறம் அவர் பேசிய வீடியோ வந்தது. கடைக்குள் எவர்சில்வர் அடுக்குகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். தோளில் கட்சிக்கொடி நிறத்தில் துண்டு. கண் எங்கேயோ போய்ப் போய் வந்தது, எதிரே யாரோ காகிதம் பிடித்திருக்க வேண்டும். "மேற்படி வேட்பாளருக்கும் எனக்கும் எந்தவிதமான ஒட்டும் உறவும் கிடையாது. என்னைத் திட்டமிட்டு வரவழைத்து ஏமாற்றியிருக்கிறார்கள்" என்று படித்தார். மேற்படி வேட்பாளர் நான்தான். காய்ச்சலில் கிடந்தபோது என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கடலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் படிக்கிறார். நான் முழுதும் பார்த்தேன். இவர் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜெயித்துவிட்டேன். தெருக் கால்வாய் தூர்ந்து தண்ணீர் நின்றதால் ஜெயித்தேனா, அந்த வீடியோவால் ஜெயித்தேனா, தெரியாது. அனுதாப ஓட்டு என்று எழுதினார்கள், நாடகக்காரி என்று எழுதினார்கள். எழுதிவிட்டுப் போகட்டும். வெற்றிச் சான்றிதழ் வாங்கிய கையோடு, எனக்கு அண்ணனைத்தான் பார்க்கத் தோன்றியது. எல்லாம் அந்தக் கட்சிக்காரன்கள் படுத்திய பாடு, மிரட்டிப் படிக்க வைத்திருப்பான்கள், நான் போய் நின்றால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். யாரையும் கூட்டிக்கொள்ளாமல், கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

அண்ணி கதவைத் திறந்துவிட்டுக் காபி போடப் போனாள். அண்ணன் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். இளைத்திருந்தார். முகச்சவரம் செய்திருக்கவில்லை.

"ஜெயிச்சிட்டண்ணே" என்றேன்.

"பாத்தேன்."

"வீட்டுக்கு வாயேன். அவுருகூட கேட்டாரு."

"எந்த மூஞ்ச வெச்சிக்கினு வர்றது?"

"வீடியோவ சொல்றியா? நான் அத மனசுல வெச்சிக்கல. அவன்க படிக்க வெச்சான்க, நீ படிச்ச, அவ்ளோதான."

அண்ணன் தலையை ஆட்டினார். "யாரும் படிக்க வெக்கல. நாந்தான் போயி, எதுனா எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். நானா சொல்ல வாய் வரல."

காபி வந்தது. நான் குடித்தேன். அவர் எடுக்கவில்லை. தெருவில் கோயில் தேர் நிற்கிற முட்டிப் பக்கம் ஏதோ மைக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். சும்மா கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டே அண்ணன் பேசினார். கோபம் இல்லை. அழவும் இல்லை. கணக்குப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தவர் மாதிரிச் சொன்னார்.

"அன்னைக்கு வேன்ல வரும்போது வழியெல்லாம் உன்னைத் தவிர வேற நெனப்பே இல்ல பாப்பா. கட்சி நெனப்பு இல்ல, மாப்ளகூட சண்டை நெனப்பு இல்ல. எங்கூட பள்ளிக்கூடம் வந்தது, அப்பாவுக்குக் கொள்ளி வெக்கையில என் கையப் புடிச்சிக்கினு நின்னது, எல்லாம் வந்துச்சி. இப்ப உன்னப் பாத்தா எனக்கு ஆத்திரம் வருது. உன்மேல ஒரு தப்பும் இல்லன்னு தெரியுது, ஆனா வருது. நீ அன்னைக்கே போயிருந்தா, நான் சாவற வரைக்கும் உன்மேல பாசமா இருந்திருப்பேன்."

உள்ளே அண்ணி மூச்சை இழுத்தது கேட்டது.

"சரிண்ணே" என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். என்னை உட்காரச் சொல்வார் என்று கதவு வரைக்கும் மெதுவாகத்தான் நடந்தேன், அவர் சொல்லவில்லை.